உங்கள் ஆய்வில் அளப்பது உண்மையிலேயே இருக்கிறதா? சோதித்துப் பார்க்க ஒரு வழி

உளவியலிலோ சமூக ஆய்விலோ ஆய்வேடு எழுதுகிறவர்கள் முன்னால் ஒரு கட்டத்தில் ‘ஆய்வின் தத்துவ அடிப்படை’ என்ற பகுதி வந்து நிற்கும். பெரும்பாலானவர்கள் பாசிட்டிவிசம் (கண்டு அளக்க முடிவதே அறிவு என்பது) பற்றி நாலு வரி, விளக்கவியல் (மனிதர்கள் கொடுக்கும் பொருளைப் புரிந்துகொள்வதே வேலை என்பது) பற்றி நாலு வரி, நடைமுறைவாதம் (எது பயன்படுகிறதோ அதை எடுத்துக்கொள்வது) பற்றி நாலு வரி எழுதி, ‘இந்த ஆய்வு நடைமுறைவாதத்தைப் பின்பற்றுகிறது’ என்று முத்திரை குத்திவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுவார்கள். அதற்கப்புறம் அந்தப் பக்கங்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, எழுதியவரும்தான். அவற்றைக் கிழித்துப் போட்டாலும் முடிவுகளில் ஒரு எழுத்துகூட மாறாது என்றால் அவை அங்கே எதற்கு?

நான் சொல்லும் வழி தலைகீழானது. தத்துவத்தைக் கடைசியில் எழுதுங்கள். ‘நான் யதார்த்தவாதியா (அளப்பது நம்மைச் சாராமல் உலகத்தில் நிஜமாகவே இருக்கிறது என்கிறவரா), இல்லையா’ என்று மொத்தமாக முடிவெடுக்கப் பார்க்காதீர்கள். ஒரே ஆய்வில் வயது இருக்கும், வருமானம் இருக்கும், மனச்சோர்வு இருக்கும், ‘சமூக மூலதனம்’ (உறவுகளாலும் நம்பிக்கையாலும் ஒருவருக்குக் கிடைக்கும் பலம்) இருக்கும். இந்த நாலும் உலகத்தில் ஒரே மாதிரி இருப்பவை அல்ல, எல்லாவற்றுக்கும் ஒரே பதில் எப்படிப் பொருந்தும்? இப்படி நாம் பெயர் வைத்து அளக்கும் ஒவ்வொரு கருத்தாக்கத்தையும் தனியாக எடுத்து, அதைப் பற்றி நீங்கள் சொல்லியிருப்பது உண்மையாக வேண்டுமானால் உலகத்தில் என்ன இருந்தாக வேண்டும் என்று கேளுங்கள். வேலை அவ்வளவுதான், ஆனால் செய்ய உட்கார்ந்தால் நேரம் பிடிக்கும்.

முடிவுகள் அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள்

உங்களுடையதானாலும் சரி, நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் வேறொருவர் கட்டுரையானாலும் சரி, ஒரு கருத்தாக்கம் எதையாவது ‘செய்வதாக’ வரும் வாக்கியங்களை எல்லாம் பென்சிலால் அடிக்கோடிடுங்கள். ‘சுயமதிப்புக் குறைவு மனச்சோர்வுக்கு வழிவகுக்கிறது’ என்பது மாதிரி. இந்த ஒரு வரியை மூன்று விதமாகப் படிக்கலாம். ஒன்று, சுயமதிப்பை அளக்கும் ரோசன்பெர்க் அளவுகோலின் 10 கேள்விகளில் குறைவாக மதிப்பெண் எடுத்தவர்கள் மனச்சோர்வுக் கேள்வித்தாளில் அதிகமாக எடுக்கிறார்கள், அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. இரண்டு, ஆட்களுக்குள்ளே சுயமதிப்பு என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறது, அது சரியும்போது மனச்சோர்வு என்ற இன்னொன்று தலையெடுக்கிறது, கேள்வித்தாள் இரண்டையும் அரைகுறையாக எட்டிப் பார்க்கிறது. மூன்று, உள்ளே ஏதாவது இருக்கிறதா இல்லையா என்பதைப் பற்றி எனக்குக் கவலையில்லை, இந்த இரண்டு பெயர்களையும் வைத்துக்கொண்டால் யாருக்கு என்ன ஆகும் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது, அது போதும்.

முதல் வாசிப்புக்கு நல்ல பரம்பரை உண்டு. ஒரு கருத்து என்பது அதை அளக்க நாம் செய்யும் செயல்களின் தொகுதியேதான் என்று இயற்பியலாளர் பெர்சி பிரிட்ஜ்மன் 1927இல் சொன்னார். அதற்கும் முன்பே, 1923இல், நுண்ணறிவு என்பது நுண்ணறிவுச் சோதனைகள் எதைச் சோதிக்கின்றனவோ அதுதான் என்று உளவியலாளர் எட்வின் போரிங் எழுதிவிட்டார். கேட்க அடக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அளக்கும் முறையே பொருள் என்றால் இரண்டு வேறு சோதனைகள் இரண்டு வேறு நுண்ணறிவுகளாகிவிடும். ‘இந்தச் சோதனை நுண்ணறிவைச் சரியாக அளக்கவில்லை’ என்று யாருமே சொல்ல முடியாது, ஏனென்றால் சோதனைக்கு வெளியே ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் மிச்சமில்லை. முறையியல் அத்தியாயத்தில் ‘செயல்முறை வரையறை’ (அளக்கும் முறையே பொருள்) என்று போட்டுவிட்டு, குறைபாடுகள் பகுதியில் ‘அளவுகோல் இந்தக் கருத்தாக்கத்தை முழுமையாகப் பிடிக்கவில்லை’ என்று எழுதுகிறவர் ஆற்றிலே ஒரு கால் சேற்றிலே ஒரு கால் வைத்திருக்கிறார். இது மிகவும் சாதாரணமாக நடக்கிறது, தேர்வாளர்களும் கண்டுகொள்வதில்லை.

இரண்டாவதையும் மூன்றாவதையும் பிரித்துக் காட்டியவர்களில் முக்கியமானவர்கள் உளவியலாளர்கள் மெக்கார்க்கடேலும் பால் மீலும். பார்த்தவற்றைச் சுருக்கமாகச் சொல்ல உதவும் பெயர் ஒரு வகை, பார்த்தவற்றுக்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்று கோரும் பெயர் வேறு வகை, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று 1948இலேயே எழுதினார்கள். இரண்டு ஆண்டு கழித்து நடத்தைவாத உளவியலாளர் ஸ்கின்னர், கற்றலை விளக்க இந்த மாதிரிக் கோட்பாடுகள் தேவைதானா என்றே கேட்டார். இதில் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கௌரவக் குறைச்சல் இல்லை. ஆனால் அடிக்கோடிட்ட வாக்கியங்களில் ‘தூண்டுகிறது’, ‘குறைக்கிறது’, ‘வழிவகுக்கிறது’ என்று இருந்தால் நீங்கள் ஏற்கெனவே இரண்டாவது வாசிப்புக்குப் போய்விட்டீர்கள், முன்னுரையில் என்ன எழுதியிருந்தாலும் சரி. பெயர் வெறும் சுருக்கம் என்றால் சுருக்கம் யாரையும் தூண்டாது.

அப்புறம் அளவுகோலைப் பிரித்துப் பாருங்கள்

மனச்சோர்வையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இதில் விஷயம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் பெரும் மனச்சோர்வுக்கு 9 அறிகுறிகள். மனம் தாழ்ந்து கிடப்பது, எதிலும் ஆர்வமோ இன்பமோ இல்லாமல் போவது, பசி அல்லது எடையில் மாற்றம், தூக்கத்தில் மாற்றம், உடலசைவு மந்தமாவது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது, களைப்பு, தகுதியற்றவன் என்ற எண்ணம் அல்லது குற்ற உணர்வு, கவனம் நிற்காதது, சாவைப் பற்றிய நினைப்பு. இரண்டு வாரத்துக்குள் இவற்றில் 5 இருக்க வேண்டும், முதல் இரண்டில் ஒன்றாவது அந்த ஐந்துக்குள் வர வேண்டும்.

இப்போது ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போடுங்கள். 9இல் 5 அல்லது அதற்கு மேல் தேர்ந்தெடுக்க எத்தனை வழி? 126, 84, 36, 9, 1, மொத்தம் 256. முதல் இரண்டும் இல்லாத சேர்க்கைகளைக் கழிக்க வேண்டும். மீதி 7இலிருந்து 5 அல்லது அதற்கு மேல் எடுத்தால் 21, 7, 1, ஆக 29. மிஞ்சுவது 227. அதாவது ஒரே நோய்ப்பெயரை 227 விதமாக வாங்கலாம். ஆளுக்கு 5 அறிகுறி உள்ள இருவருக்கிடையே பொதுவாக ஒரே ஒரு அறிகுறிதான் இருக்கிறது என்றும் ஆகலாம். தூக்கம் வராமல் புரள்கிறவரும் நாளெல்லாம் தூங்குகிறவரும் அதே கட்டத்தில்தான் டிக் அடிக்கிறார்கள் என்பதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. கேள்வித்தாள்களுக்குப் போனால் நிலைமை இன்னும் மோசம்: பரவலாகப் பயன்படும் 7 மனச்சோர்வு அளவுகோல்களை உளவியலாளர் அய்கோ ஃப்ரீட் ஒப்பிட்டு 2017இல் வெளியிட்டார், அவற்றில் மொத்தம் 52 வேறுவேறு அறிகுறிகள் இருந்தன.

இதைப் பார்த்தவுடன் ‘அப்படியானால் மனச்சோர்வு என்று ஒன்று இல்லவே இல்லை’ என்று குதிக்க வேண்டாம். படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடக்கிறவரிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள். இங்கே கேட்க வேண்டியது, பெயருக்கும் அறிகுறிகளுக்கும் நடுவே அம்பு எந்தப் பக்கம் போகிறது என்பதுதான். உள்ளே ஒரு நிலை இருந்து அது எல்லா அறிகுறிகளையும் உண்டாக்குகிறது என்றால் அம்பு பெயரிலிருந்து அறிகுறிக்குப் போகிறது. அறிகுறிகளை நாம் கூட்டி ஒரு பெயர் வைத்திருக்கிறோம் என்றால் அம்பு எதிர்ப்பக்கம். மூன்றாவது படமும் உண்டு, உளவியலாளர் டென்னி போர்ஸ்பூமும் அவருடன் வேலை செய்கிறவர்களும் முன்வைப்பது: தூக்கம் கெட்டால் களைப்பு, களைத்தால் கவனம் சிதறும், கவனம் சிதறினால் வேலை தப்பும், வேலை தப்பினால் குற்ற உணர்வு, குற்ற உணர்வில் மறுபடி தூக்கம் கெடும். அறிகுறிகளே ஒன்றையொன்று பிடித்து இழுக்கின்றன, பின்னால் யாரும் ஒளிந்துகொண்டு நூலை ஆட்டவில்லை. இதன்படி மனச்சோர்வு உண்மைதான், ஆனால் அது அறிகுறிகளுக்குப் பின்னால் இருக்கும் தனிப்பொருள் அல்ல.

உங்கள் கருத்தாக்கம் எந்த வகை என்று கண்டுபிடிக்க ஒரு சின்னச் சோதனை: ஒரே ஒரு கூறு மட்டும் மாறியதாகக் கற்பனை செய்யுங்கள். சமூகப் பொருளாதார நிலையை எடுத்துக்கொண்டால், ஒருவருக்கு வேலை போனால் அவருடைய நிலை இறங்குகிறது, படித்த படிப்பு மாறுவதில்லை. இங்கே கூறுகள்தான் பெயரை உண்டாக்குகின்றன. ‘நிலை’ என்று தனியாக ஒன்று இறங்கி வேலையையும் படிப்பையும் வருமானத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போகவில்லை. அப்படிப்பட்ட குறியீட்டுக்கு ஆல்ஃபா (கூறுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒட்டுகின்றன என்று காட்டும் எண்) போட்டு ‘0.7க்கு மேல் வந்தது, ஆகவே நம்பகமானது’ என்று எழுதுவதில் அர்த்தமே இல்லை, அந்தக் கூறுகள் ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும் என்ற அவசியமே கிடையாது.

புள்ளியியலே இதைத் தீர்த்துவைக்கும் என்று நம்பாதீர்கள். பள்ளிப் பாடங்களிலும் சோதனைகளிலும் மதிப்பெண்கள் சேர்ந்து ஏறி இறங்குவதைப் பார்த்து உளவியலாளர் ஸ்பியர்மன் 1904இல் ‘பொது நுண்ணறிவு’ என்ற ஒன்றைச் சொன்னார். அப்படி ஒன்று இல்லாமலேயே அதே மாதிரி ஒட்டுறவுகள் வர முடியும் என்று காட்ஃப்ரி தாம்சன் 1916இல் காட்டினார். வெவ்வேறு திறன்கள் வளரும்போது ஒன்றுக்கொன்று கைகொடுத்தால் போதும், அதே வடிவம் வந்துவிடும் என்று வான் டர் மாஸ் குழு 2006இல் காட்டியது. நூறாண்டு இடைவெளியில் மூன்று கதைகள், தரவில் தெரியும் ஒட்டுறவு ஒன்றே. ஆகவே ‘காரணிப் பகுப்பாய்வில் (சேர்ந்து ஏறி இறங்கும் மதிப்பெண்களை ஒரு சில பொதுக் காரணிகளாகச் சுருக்கும் கணக்கில்) ஒரு காரணி கிடைத்தது’ என்பதை ‘உலகத்தில் ஒரு பொருள் கிடைத்தது’ என்று எழுதிவிடாதீர்கள். கிடைத்தது ஆட்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டின் வடிவம். ஒரே ஆளுக்குள் நாளுக்கு நாள் நடப்பது அதே வடிவத்தில் இருக்க வேண்டியதில்லை, அதை அறிய அந்த ஆளையே திரும்பத் திரும்ப அளக்க வேண்டும்.

பெயரைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். ஒரே பெயரில் இரண்டு வேறு விஷயங்கள் உலவும், இரண்டு பெயரில் ஒரே விஷயம் உலவும். ‘கிரிட்’ என்ற மனவுறுதி 2007க்குப் பிறகு பெரிய பேச்சாக இருந்தது; அது பழைய ஆளுமைப் பண்பான பொறுப்புணர்வோடு மிக நெருக்கமாக ஒட்டுகிறது என்று 2017இல் பல ஆய்வுகளைத் திரட்டிய ஒரு தொகுப்பாய்வு காட்டியது. புதுப்பெயர் வைக்கும் முன் பழைய கடையில் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

பெயர் வைத்தால் அது திரும்பிப் பேசுமா?

எலக்ட்ரானை என்ன பெயரில் கூப்பிட்டாலும் அதற்குத் தெரியாது. மனிதர்களுக்குத் தெரியும். இந்த வித்தியாசத்தைத் தத்துவவாதி இயன் ஹாக்கிங் பல ஆண்டுகள் விரித்து எழுதினார்: வகைப்படுத்தப்பட்டவர்கள் அந்த வகையைக் கேள்விப்பட்டு, அதற்கேற்ப நடந்தோ அதை எதிர்த்தோ மாறுகிறார்கள், அவர்கள் மாறியதால் வகையையே திருத்த வேண்டி வருகிறது. ஒருபாலீர்ப்பு மனநோய்ப் பட்டியலில் இருந்தது; அந்தப் பெயர் சுமத்தப்பட்டவர்களே திரண்டு போராடினார்கள்; 1973இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் அதைப் பட்டியலிலிருந்து எடுத்தது. ‘மக்கள் ஒரு நிலைமையை உண்மை என்று கொண்டால் அதன் விளைவுகள் உண்மையாகிவிடுகின்றன’ என்று சமூகவியலாளர்கள் வில்லியம் தாமஸும் டோரதி தாமஸும் 1928இல் சொன்னதும் இந்தத் திசைதான்.

உங்கள் கருத்தாக்கத்துக்கு இங்கே கேட்க வேண்டியவை இரண்டு. நீங்கள் ஆய்வு செய்கிற ஆட்களுக்கு இந்தப் பெயர் தெரியுமா? தெரிந்தால் அவர்கள் பதில் மாறுமா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால், ‘கடந்த ஆண்டுகளில் இது அதிகரித்துள்ளது’ என்று எழுதும்போது ரொம்பக் கவனமாக இருங்கள், அதிகரித்தது நிலையா பெயரின் புழக்கமா என்று உங்கள் தரவு மட்டும் சொல்லாது.

‘சமூகக் கட்டுமானம்’ என்ற சொல்லைப் பயன்படுத்துகிறவர்கள் ஒரு விஷயத்தைத் தெளிவாக எழுத வேண்டும்: கட்டப்பட்டது கருத்தா, பொருளா? வேலையின்மையைப் பாருங்கள். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் அளவுப்படி, கணக்கெடுக்கும் வாரத்தில் கூலிக்கோ லாபத்துக்கோ ஒரு மணி நேரம் வேலை செய்தவர்கூட வேலையில் இருப்பவர்தான். வேலையில்லாதவர் என்று எண்ணப்பட, வேலை இல்லாமல் இருந்தால் மட்டும் போதாது, வேலைக்குத் தயாராகவும் இருக்க வேண்டும், தேடியும் இருக்க வேண்டும். தேடி அலுத்து நிறுத்திவிட்டவர் இந்த எண்ணிக்கையிலேயே வர மாட்டார். வரையறையை மாற்றினால் எண் மாறும், ஆக எண் கட்டப்பட்டது. ஆனால் அந்த ஆளின் கையில் காசில்லை என்பது வரையறையால் மாறாது. அந்த எண்ணை வைத்து அரசு ஒரு திட்டம் போட்டாலோ நிறுத்தினாலோ அது திரும்ப அந்த ஆளின் வாழ்க்கையையே மாற்றுகிறது. கட்டப்பட்டது என்பதால் பொய் என்று ஆகாது. பணம், சட்டம், குடியுரிமை எல்லாமே கட்டப்பட்டவைதான், இல்லையென்று நினைத்துக்கொண்டு எல்லையைக் கடந்து பாருங்கள் தெரியும்.

எது நடந்தால் கைவிடுவீர்கள்?

இதுவரை செய்ததெல்லாம் பொருளைப் பற்றி. கோட்பாட்டுக்கு வேறு சோதனை தேவை. மீல் 1967இல் சொன்ன ஒரு முரண் எனக்கு இன்னும் கசக்கிறது: இயற்பியலில் கருவி துல்லியமாக ஆக ஆகக் கோட்பாடு தேறுவது கடினமாகிறது, உளவியலில் ஆட்களின் எண்ணிக்கை கூடக் கூடத் தேறுவது எளிதாகிறது. காரணம், இயற்பியலாளர் ஒரு குறிப்பிட்ட எண்ணை முன்கூட்டிச் சொல்கிறார், நாம் ‘வித்தியாசம் இருக்கும்’ என்று மட்டும் சொல்கிறோம். மனித விஷயங்களில் எல்லாமே எல்லாவற்றோடும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். மினசோட்டாவில் சுமார் 57,000 உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் தரவில் மீலும் லிக்கனும் 15 மாறிகளை ஜோடி ஜோடியாக ஒப்பிட்டார்கள், 105 ஒப்பீடு, அத்தனையும் புள்ளியியல்படி ‘குறிப்பிடத்தக்கவை’, அதாவது தற்செயல் என்று தள்ளிவிட முடியாதவை. எந்தப் பக்கம் வித்தியாசம் என்று மட்டும் ஊகித்தால், கோட்பாடு முழுக்கத் தவறாக இருந்தாலும் ஏறக்குறையப் பாதி வாய்ப்பு உங்கள் பக்கம்.

ஆகவே ஆய்வைத் தொடங்கும் முன்பே, தரவைப் பார்ப்பதற்கு முன், இரண்டு விஷயம் எழுதி வையுங்கள்: எந்த முடிவு வந்தால் கோட்பாடு தவறு, எந்த முடிவு வந்தால் அளவுகோலோ சோதனைமுறையோ தவறு. பின்னால் எழுதினால் எல்லாரும் அளவுகோலையே குறை சொல்வார்கள், அது மனித இயல்பு. தன்னடக்கம், அதாவது தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் திறன், செலவழித்தால் தீர்ந்துபோகும் வளம் என்ற கோட்பாடு 1998இல் உளவியலாளர் பௌமைஸ்டர் குழுவின் சோதனைகளால் புகழ்பெற்றது. 2016இல் 23 ஆய்வகங்கள், 2,000க்கும் மேற்பட்ட ஆட்களோடு ஒரே முறையில் செய்து பார்த்தபோது விளைவு கிட்டத்தட்டப் பூஜ்யம். அந்தச் சோதனையில், திரையில் வரும் சொல்லில் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்து வந்தால் விசையை அழுத்த வேண்டும், ஆனால் அதன் பக்கத்திலோ ஒரு எழுத்து தள்ளியோ இன்னொரு உயிரெழுத்து இருந்தால் அழுத்தக் கூடாது. இந்தப் பயிற்சி யாருடைய தன்னடக்கத்தையும் உண்மையில் தீர்க்கவில்லை, முறைதான் தவறு என்று பௌமைஸ்டரும் அவருடைய சக ஆய்வாளர் வோஸும் மறுத்தார்கள். அவர்கள் சொன்னது தர்க்கப்படி அபத்தமல்ல, எந்தச் சோதனையும் கோட்பாட்டைத் தனியாகப் பிடித்துச் சோதிப்பதில்லை, கூடவே பத்துத் துணை ஊகங்களும் வருகின்றன. ஆனால் எந்தப் பயிற்சி அந்த வளத்தைத் தீர்க்கும், எது தீர்க்காது என்று கோட்பாடு முன்கூட்டியே சொல்லாதவரை இந்தச் சண்டை முடியவே முடியாது. உங்கள் கோட்பாட்டில் அந்த ஓட்டை எங்கே இருக்கிறது என்று இப்போதே தேடுங்கள்.

நேர்காணல் வழியில் ஆய்வு செய்கிறவர்களுக்கு

சுருக்கமாகவே சொல்கிறேன், சோதனை இங்கேயும் அதேதான். ‘பல யதார்த்தங்கள் உண்டு’ என்று எழுதியிருந்தால், பரிந்துரைகள் பகுதிக்குப் போய்ப் பாருங்கள். ‘நிர்வாகம் இந்தப் பாகுபாட்டை நிறுத்த வேண்டும்’ என்று அங்கே இருந்தால், அந்தப் பாகுபாடு பேசியவரின் யதார்த்தத்தில் மட்டும் இல்லை, நிர்வாகத்தின் அறையிலும் இருக்கிறது என்று நீங்கள் நம்புகிறீர்கள். தப்பில்லை, ஆனால் அதைச் சொல்லிவிடுங்கள். ‘விமர்சன யதார்த்தவாதம்’ என்று தத்துவவாதி ராய் பாஸ்கர் பெயரைப் போட்டுக்கொள்வது இப்போது பாதுகாப்பான வழியாகிவிட்டது, இரண்டு பக்கமும் யாரும் அடிக்க மாட்டார்கள். அவர் 1975இல் சொன்னது உண்மையில் கடுமையான விஷயம்: நாம் காண்பவை ஒரு அடுக்கு, கண்டாலும் காணாவிட்டாலும் நடப்பவை இன்னொரு அடுக்கு, அவற்றை நடத்தும் இயங்குமுறைகள் மூன்றாவது அடுக்கு. ஆகவே அந்தப் பெயரைப் போட்டால் இயங்குமுறை என்ன என்று பெயர் சொல்லிக் காட்ட வேண்டும், அது எப்போது வேலை செய்யும், எப்போது முடங்கிக் கிடக்கும் என்றும் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் அந்த முத்திரையை எடுத்துவிடுங்கள்.

இப்போது எழுதுங்கள்

ஒரு கருத்தாக்கத்துக்கு ஒரு பத்தி போதும். இந்த மாதிரி இருக்கலாம்:

‘இந்த ஆய்வில் மனச்சோர்வு மதிப்பெண் என்பது 9 அறிகுறிகளின் கூட்டுத்தொகை. அறிகுறிகளுக்குப் பின்னால் ஒரே காரணம் இருக்கிறது என்று நாங்கள் கோரவில்லை; அறிகுறிகள் ஒன்றையொன்று தூண்டலாம் என்ற வாய்ப்பை எங்கள் தரவு விலக்கவில்லை. ஆகவே ‘வேலைப்பளு மனச்சோர்வை அதிகரிக்கிறது’ என்று சொல்லாமல், எந்தெந்த அறிகுறிகள் வேலைப்பளுவோடு சேர்ந்து ஏறுகின்றன என்று தனித்தனியாகத் தருகிறோம். தூக்கமும் களைப்பும் மட்டும் ஏறி மற்றவை அசையாமல் இருந்தால், வேலைப்பளுவோடு மனச்சோர்வு சேர்ந்து ஏறும் என்ற எங்கள் முதல் கருதுகோளைக் கைவிடுவோம்.’

கவனியுங்கள், இதில் எந்த வாதத்தின் பெயரும் இல்லை, ஆனால் நிலைப்பாடு முழுக்க இருக்கிறது, பகுப்பாய்வும் அதனால் மாறியிருக்கிறது. அதே ஆய்வில் வேலை நேரத்துக்கு இன்னும் எளிமையான பத்தி போதும், ‘நிறுவன ஆதரவு’ என்று ஏதாவது இருந்தால் அதற்கு நீளமான பத்தி வேண்டியிருக்கும், ஏனென்றால் அது ஊழியரின் உணர்வா, நிறுவனத்தின் நடத்தையா, அல்லது இரண்டுக்கும் நடுவே உள்ள உறவா என்று முதலில் நீங்களே தீர்மானிக்க வேண்டும். ஒரு ஆய்வுக்குள் ஒன்றில் யதார்த்தவாதியாகவும் இன்னொன்றில் கருவிவாதியாகவும் (பெயர் பயன்பட்டால் போதும் என்ற மூன்றாவது வாசிப்பு) இருப்பது முரண்பாடல்ல.

இந்தப் பத்திகளைத் தனி அத்தியாயமாக ஒதுக்காமல், அந்தந்த அளவுகோலை விவரிக்கும் இடத்திலேயே வையுங்கள். நெறியாளர் ‘தத்துவ அடிப்படை’ என்ற தலைப்பு இருந்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தால், தலைப்பைப் போட்டு, அதன் கீழே எந்தக் கருத்தாக்கத்தின் நிலைப்பாடு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று குறித்துவிடுங்கள். அப்புறம் முடிவுகள் அத்தியாயத்தை இன்னொரு முறை திறந்து, அடிக்கோடிட்ட வாக்கியங்களை ஒவ்வொன்றாக அந்தப் பத்திகளோடு ஒத்துப் பாருங்கள், ஒட்டாதவற்றில் எதைத் திருத்துவது, வாக்கியத்தையா பத்தியையா என்று அங்கேதான் முடிவாகும்.